பயணி ஒருவர், வாகனம் அம்மா

ஒரு குழந்தை தன்னைப் பெற்றவர்களோடு ஒரே வீட்டில் இருப்பதற்கு அந்த நாட்டில் விலை முந்நூற்று இருபது. வரி பதினாறு தனி. குடியேற்றத் துறை அலுவலகத்தின் சுவரில் இந்த விலைப்பட்டியலைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். கணவனோடு மனைவி இருக்க அறுநூறு. மாமியார் வந்து தங்க ஆயிரத்து இருநூறு. விலை வைத்தவர் குடும்பஸ்தர் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

பணம்கூடப் பரவாயில்லை, புரட்டிவிடலாம். நாள்தான் வம்பு. வெளிநாட்டுக்காரர்களுக்கு அங்கே பிறக்கிற குழந்தைக்கு அறுபது நாள் சலுகை. அதற்குள் விசா வாங்கிவிட வேண்டும். அறுபத்தோராம் நாள் விடிந்தால் குழந்தை கள்ளத்தனமாகத் தங்கியிருக்கும் ஆள். விமானத்தில் ஏற்றி அனுப்ப வேண்டும். ஆளுக்குக் கழுத்து நிற்காத வயது என்பதால் அம்மாவும் கூடப் போக வேண்டும். அப்பா மட்டும் ஒப்பந்தம் முடியும்வரை இருந்து உழைக்கலாம். அதை யாரும் தடுக்கவில்லை.

இந்தக் கதையில் வரும் அப்பா, துறைமுகத்தை ஒட்டிய ஒரு குடோனில் சரக்குக் காகிதங்கள் எழுதுகிறவர். குடோனில் அவருக்குப் பெயர் ‘கட்டம்’. படிவத்தில் எந்தக் கட்டத்தையும் காலியாக விடமாட்டார். முன்பொரு தடவை ஒரே ஒரு கட்டத்தை எழுதாமல் கோடு போட்டு விட்டுவிட்டதால் நாற்பது அடி கண்டெய்னர் நிறைய வெங்காயம் மூன்று வாரம் வெயிலில் நின்றது. நான்காம் வாரம் கதவைத் திறந்தவர்களில் இரண்டு பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள். அன்றிலிருந்து காலிக் கட்டத்தைப் பார்த்தால் அவர் மூக்கில் வெங்காயம் நாறும்.

“உங்களுக்கு அடுத்த லீவு எப்போ?” என்று மனைவி ஒருநாள் பாப்பாவுக்குச் சட்டை மாற்றிக்கொண்டே கேட்டாள்.

“இருபத்திரண்டு மாசம் கழிச்சு.”

“அப்ப இவ ஓடியாடிட்டு இருப்பா. நீங்க பெட்டியோட வாசல்ல வந்து நிப்பீங்க. ‘அம்மா, யாரோ மாமா வந்திருக்காங்க’ன்னு உள்ள வந்து சொல்லுவா.”

கட்டத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

சொந்த நாட்டுத் தூதரகம் பாப்பாவுக்குப் பாஸ்போர்ட் கொடுக்க முப்பத்தொரு நாள் எடுத்துக்கொண்டது. அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட கையோடு, குடியேற்றத் துறைக்கு எதிரே இருந்த படிவக் கடைக்குக் கட்டம் ஓடினார். கடைக்காரர் வாயில் பேனா மூடியோடு பிறந்தவர் மாதிரி இருப்பார்.

“அண்ணே, மொத்தம் நாற்பத்தாறு கட்டம். இதுல இந்த ஒன்பதும் பிறந்த குழந்தைக்குப் பொருந்தாது. கப்பல்ல, பிளேன்ல வர்றவங்களுக்கானது. கோடு போட்டுட்டுப் போயிட்டே இருங்க.”

“கோடு போட்டா காலின்னு ஆயிடாதா?”

“கோடு எப்படிண்ணே காலியாகும்?”

“வெங்காயத்துக்கும் கோடுதான்பா போட்டேன்.”

கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. பேனாவை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

நாட்டில் நுழைந்த தேதி என்ற இடத்தில் பிறந்த தேதியைப் போட்டார். நேரம், காலை 9.12. நுழைவாயில் என்பதற்கு நேரே ‘பிரசவ அறை எண் 2’ என்று எழுதினார். வந்த வாகனத்தின் பெயர் என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு மனைவியின் பெயரை அழகாக எழுதி, வாகன எண்ணுக்கு அவளுடைய பாஸ்போர்ட் எண்ணைப் போட்டார். பயணம் ஏறிய இடம், மேற்படி வாகனத்தின் உள்ளே. கொண்டுவந்த உடைமைகள், கொடி ஒன்று, இறங்கியவுடன் கத்தரிக்கப்பட்டது. வருகையின் நோக்கம், அம்மா அப்பாவைப் பார்க்க. இதற்குமுன் இந்த நாட்டுக்கு வந்ததுண்டா என்று கேட்டிருந்தார்கள். ‘விசாரித்த வரையில் இல்லை’ என்று எழுதினார். எழுதி முடித்ததும் படிவத்தைக் கைநீட்டிப் பிடித்துப் பார்த்தார். ஒரு கட்டம் காலியில்லை. மனசு நிறைந்துபோயிற்று.

முப்பத்து நான்காம் நாள், குடியேற்றத் துறையின் முதல் ஜன்னலில் உட்கார்ந்திருந்த அலுவலக அம்மா அதைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். படித்தார் என்றா சொன்னேன்? எண்ணினார்.

“நாற்பத்தாறு. இருபது வருஷமா இந்த ஜன்னல்ல உட்கார்ந்திருக்கேன். முழுசா நிரப்பின படிவம் இதுதான் முதல்.”

“எழுதினது சரியா இருக்குங்களாம்மா?”

“எழுதினதைப் படிக்கிறது ஏழாம் ஜன்னல். நான் காலியா இருக்கான்னு மட்டும் பார்ப்பேன்.”

“ஏழாம் ஜன்னல் எங்கேங்க?”

“ஆறோட நிறுத்திட்டாங்க. இடம் பத்தலை.” சொல்லிவிட்டு முத்திரையை ஓங்கி ஒரு குத்து குத்தினார்.

முப்பத்தொன்பதாம் நாள் ஒரு தடித்த உறை வீடு தேடி வந்தது. விசாதான் என்று நினைத்து மனைவி கையைத் துடைத்துக்கொண்டு பிரித்தாள். படித்தாள். முதல் வரிக்கே திரும்பிப் போய் இன்னொரு தடவை படித்தாள்.

“ஏங்க, என்னைக் கம்பெனி ஆக்கிட்டாங்க.”

கடிதம் ‘போக்குவரத்து நிறுவனத்தார் அவர்களுக்கு’ என்று தொடங்கியது. தங்கள் நிறுவனம் விசா இல்லாத பயணி ஒருவரை ஏற்றிவந்து, அங்கீகாரம் இல்லாத நுழைவாயிலில் இறக்கியதாகத் தெரியவருகிறது. விசா இல்லாத ஆளை ஏற்றியதற்கு அபராதம் மூவாயிரம். வாகனத்தைப் பதிவு செய்யாததற்கு ஐந்நூறு. பயணியின் உடைமையைச் சுங்கச் சோதனைக்கு முன்பே கத்தரித்ததற்கு நூற்றைம்பது. விதிப்படி, நிறுவனம் பயணியைத் தன் செலவில் ஏறிய இடத்துக்கே திருப்பிக் கொண்டுபோய் விட வேண்டும்.

மனைவி கடிதத்தை மடித்து, கணவர் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

“ஏறிய இடத்துக்கேவாம். எப்படின்னு நீங்களே கேட்டுட்டு வாங்க.”

“நான் ஒரு கட்டத்தைக்கூட விடலைம்மா...”

“விட்டிருந்தா நான் மனுஷியா இருந்திருப்பேன்.”

நாற்பத்து மூன்றாம் நாள் விசாரணை. போக்குவரத்துப் பிரிவு அதிகாரி ஒல்லியானவர். பேசும்போதே எழுதுவார், எழுதும்போது எதிரில் இருப்பவரைப் பார்க்கமாட்டார். மனைவி பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கட்டத்துக்கு நாற்காலி இல்லை. கம்பெனிக்கு மட்டும்தான் அழைப்பாம்.

“நிறுவனம் தொடங்கி எத்தனை வருஷம்?”

“வயசு கேக்குறீங்களா? இருபத்தொன்பது.”

“ஒரு தடவைக்கு எத்தனை பயணிகளை ஏத்துவீங்க?”

“ஒண்ணுதான் சார். ரெண்டு ஏத்துற கம்பெனியும் இருக்கு. எங்க அக்கா ஒரு தடவை ஏத்தியிருக்கா.”

அதிகாரி ‘கிளை நிறுவனம் உண்டு’ என்று எழுதிக்கொண்டார்.

“பயண நேரம்?”

“ஒன்பது மாசம் எட்டு நாள்.”

“தாமதம்தான். வழியில எங்கயாவது நிறுத்தினீங்களா?”

“முதல் மூணு மாசம் நிறுத்தாத இடமே இல்ல சார். பஸ் ஸ்டாப், லிஃப்ட், பக்கத்து வீட்டு வாசல், எல்லா இடத்துலயும் நின்னு வாந்தி எடுத்தேன்.”

“பயணிகிட்ட கட்டணம்?”

“வாங்கலை. சாப்பாடும் நானே போட்டேன்.”

அதிகாரி முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தார். “கட்டணமே இல்லாம, உணவோட சேவையா? சந்தையையே கெடுக்குற வேலையால்ல இருக்கு. இதை நடத்துறவங்க யாரு? பின்னால யார் இருக்காங்க?”

பின்னால் நின்றுகொண்டிருந்த கட்டம் தலையைக் குனிந்துகொண்டார்.

“சார்,” என்றார் பணிவாக, “இது எங்க குழந்தை சார். இங்கதான் பிறந்துச்சு. எங்கிருந்தும் வரலை.”

“அதைத்தான் நானும் கேக்குறேன். வரலைன்னா எப்படி இருக்கு? இங்க இருக்குற எல்லாரும் எங்கிருந்தாவது வந்தவங்க. நானே மூணாவது மாடியிலேர்ந்துதான் வந்தேன். வராத ஆளுக்கு விசா குடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. வந்த ஆள்னா, எப்படி வந்துச்சுன்னு தெரியணும். எப்படி வந்துச்சுன்னு நீங்களே எழுத்துல குடுத்துட்டீங்க. இப்ப நான் அந்த நுழைவாயிலைப் பார்க்கணும்.”

டாக்சி பிடித்துப் பார்க்கவும் போனார். பிரசவ அறை எண் 2-இன் வாசலில் நர்ஸ் அம்மா மறித்துக்கொண்டு நின்றார். “செருப்பைக் கழட்டுங்க. கையைக் கழுவுங்க. யாரோட புருஷன் நீங்க?” இந்த மூன்று கேள்விக்கும் அதிகாரியிடம் முறையான பதில் இல்லாததால் கதவுக் கண்ணாடி வழியாகத்தான் ஆய்வு நடந்தது. அவர் எழுதிய அறிக்கையைக் கட்டம் பின்னால் கோப்பில் படித்தார். ‘மேற்படி நுழைவாயிலில் எல்லைக் காவலர் இல்லை. கொடிக்கம்பம் இல்லை. ஆனால் உள்ளே நுழையும் ஒவ்வொருவரையும் தலைகீழாகப் பிடித்து, ஆடையின்றிச் சோதித்து, எடை போட்டு, மணிக்கட்டில் எண் கட்டிவிடுகிறார்கள். நமது துறையைவிடக் கண்டிப்பானவர்கள். நம்மவர்களைப் பயிற்சிக்கு அனுப்பலாம்.’

அறிக்கை மாடி மாடியாக ஏறியது. நாட்களும் கூடவே ஏறின. ஐம்பத்திரண்டாம் நாள் இருவரையும் இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார்.

இயக்குநரின் அறையில் குழந்தைகளின் படங்கள் சுவர் முழுக்க இருந்தன. துறை நடத்திய ஓவியப் போட்டியில் பரிசு பெற்றவர்களாம். அவர் நல்ல மனிதர். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். பாப்பாவைப் பார்த்து நாக்கைச் சொடுக்கினார். பிறகு பேச ஆரம்பித்தார்.

“அம்மா, எனக்குக் குழந்தைன்னா உயிர். எங்க துறையிலயே எல்லாருக்கும் அப்படித்தான். அதனாலதான் குழந்தைங்க விஷயத்துல விதியை இவ்வளவு கடுமையா வச்சிருக்கோம். அன்பு இருக்குற இடத்துலதானே கண்டிப்பு இருக்கும்? இந்தத் துறையில நாற்பது வருஷமா ஒரு தப்பு நடந்தது கிடையாது. ஏன்னா எதையும் நடக்க விடமாட்டோம். உங்க கஷ்டம் எனக்குப் புரியாம இல்லை. ஆனா எனக்குப் புரிஞ்சதா கோப்புல எழுத இடம் இல்லை. நீங்க ஒரு மனு குடுங்க. மனிதாபிமான மனு. தொண்ணூறு நாள்ல கண்டிப்பா பதில் வரும்.”

“எங்களுக்கு இருக்கிறதே எட்டு நாள் சார்,” என்றார் கட்டம். “அதுக்கப்புறம் பிள்ளை போயிடும் சார்.”

“போனா என்னப்பா? அங்கேர்ந்து மனு போடட்டும். தொண்ணூறு நாள் அதுக்கும் பொருந்தும். எங்ககிட்ட பாரபட்சமே கிடையாது.”

“சீக்கிரமா எதுவுமே நடக்காதா சார் இங்க?” என்று மனைவி கேட்டாள்.

இயக்குநர் பெருமையாகச் சிரித்தார். “யாரு சொன்னா? பில் மட்டும் மூணே நாள். வெளிக் கம்பெனி எதாவது எங்களுக்கு பில் அனுப்பிச்சுதுன்னா, மூணு நாள்ல முடிச்சாகணும். இல்லேன்னா தணிக்கைக்காரங்க வந்து என் கழுத்தைப் பிடிப்பாங்க. மனுவுக்குத் தணிக்கை கிடையாதும்மா. மனு நிம்மதியா இருக்கும்.”

மனைவி தண்ணீரைக் குடித்து முடித்தாள். “ரொம்ப நன்றி சார்,” என்று எழுந்தாள். படி இறங்கும்போது அவள் நடையில் ஒரு துள்ளல் தெரிந்தது. கட்டத்துக்கு அது பிடிபடவில்லை. பிள்ளை பிரியப்போகிற நேரத்தில் இவளுக்கு என்ன சந்தோஷம் என்று உள்ளுக்குள் குமைந்துகொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பாப்பாவைத் தூளியில் போட்டுவிட்டு அவர் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“ஏங்க, உங்க குடோன்ல சரக்கை ஆபீஸ்காரங்களே முடக்கி வச்சா, கம்பெனிக்காரங்க என்ன பண்ணுவாங்க?”

“என்ன பண்ணுவாங்க? டெமரேஜ் போடுவாங்க. அவங்க முடிவு சொல்ற வரைக்கும் சரக்கைக் காத்துக்கிட்டு இருந்ததுக்குத் தினக்கணக்குல கூலி.”

“நான் கம்பெனின்னு முத்திரை குத்திக் குடுத்திருக்காங்கல்ல?”

கட்டம் எழுந்துபோய் பெட்டியிலிருந்து நல்ல பேனாவை எடுத்து வந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்த வீட்டில் அப்படியொரு பேரம் நடந்ததில்லை.

“பயணியைப் பாதுகாத்த கூலி, நாளுக்குப் பதினைஞ்சு.”

“பதினைஞ்சா? உங்க குடோன் காவல்காரருக்கு எவ்வளவு?”

“இருபது.”

“அவர் உட்கார்ந்து தூங்குறாரு. நான் நின்னுக்கிட்டே தூங்குறேன். இருபது போடுங்க.”

“சரி, இருபது. பால்?”

“நாளைக்கு எட்டு வேளை. வேளைக்கு அஞ்சு.”

“அஞ்சு அதிகம்மா. கடையில பாலு...”

“கடைப்பாலா இது?”

அஞ்சு என்று எழுதினார். துணி மாற்றியது நாளுக்குப் பத்துத் தடவை, தடவைக்கு ஒன்று. அதில் பாதி தடவை தானும் மாற்றியதாகக் கட்டம் ஞாபகப்படுத்தினார். “நீங்க கம்பெனி ஆள் இல்லை,” என்று அவள் வாயை அடைத்தாள். கடைசியாகத் தாலாட்டு. அதற்குக் காசு கேட்பது அசிங்கமில்லையா என்று அவர் தயங்கினார்.

“அவங்க கொடிக்கே நூத்தைம்பது போட்டிருக்காங்க. நாளுக்கு ரெண்டு போடுங்க.”

ஐம்பத்தேழாம் நாள் வரைக்கும் கணக்கு எழுதி, அன்று காலையே பில் ஜன்னலில் கொடுத்தார்கள். அந்த ஜன்னலில் கூட்டமே இல்லை. உட்கார்ந்திருந்தவர் பில்லைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

அறுபதாம் நாள் காலை ஒன்பது மணிக்கு இயக்குநரே போன் செய்தார். அறைக்குள் போனபோது போக்குவரத்து அதிகாரி ஏற்கெனவே மூலையில் வியர்த்துக்கொண்டு நின்றார்.

“என்னம்மா இது? அரசாங்கத்துக்கே பில்லா?”

“பில் குடுத்த பிறகு ஆன மூணு நாளை நாங்க கணக்குல சேர்க்கலை சார். கம்பெனி சலுகை.”

“நீங்க கம்பெனியே இல்லைன்னு இப்பவே ரத்து பண்ணிடுவேன்.”

“பண்ணுங்க சார்,” என்றார் கட்டம். அவருக்குள் இருபது வருஷத்துச் சரக்குக்காரர் விழித்துக்கொண்டார். “ரத்துன்னா வாகனமும் ரத்து, அபராதமும் ரத்து. அப்புறம் இத்தனை நாள் யாரை விசாரிச்சீங்கன்னு தணிக்கைக்காரங்க கேப்பாங்க. ஆஸ்பத்திரிக்குப் போன டாக்சிக் காசு யார் கணக்குன்னும் கேப்பாங்க.”

மூலையில் நின்றவர் டாக்சி ரசீதைப் பைக்குள் ஆழமாகத் தள்ளினார்.

“பில்லை முடிக்கணும்னா சரக்கை... மன்னிக்கணும், பயணியை விடுவிக்கணும் சார். விடுவிக்காத வரைக்கும் தினம் ஏறும். விடுவிக்கிறதுக்கு ஒரே வழிதான், விசா.”

இயக்குநர் சுவரில் இருந்த குழந்தைப் படங்களைப் பார்த்தார். எதுவும் உதவிக்கு வரவில்லை. பெருமூச்சு விட்டுப் பேனாவைத் திறந்தார்.

“சரி. உங்க பில்லு ஒரு பக்கம், எங்க அபராதமும் விசாக் கட்டணமும் ஒரு பக்கம். நேர் பண்ணிடுவோம். ஆனா தாலாட்டுக்கு விதியில இடமே இல்லை. அதை அடிச்சிடுறேன்.”

தாலாட்டு நூற்றுப் பதினான்கு. ஒரே கோடாக இழுத்தார். இயக்குநர் பாப்பாவின் பாஸ்போர்ட்டைப் பிரித்து, பெரிய முத்திரையை மையில் தோய்த்து, முதல் பக்கத்தில் ஒரு குத்து குத்தினார். அந்தச் சத்தத்தில் பாப்பா விழித்துக்கொண்டாள். அழுகை என்றால் அப்படியொரு அழுகை. அடுத்த அறைகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. இன்னும் மூன்று முத்திரை பாக்கி. இயக்குநர் நாக்கைச் சொடுக்கினார். போக்குவரத்து அதிகாரி சாவிக்கொத்தை ஆட்டினார். அழுகை ஏறிக்கொண்டே போனது.

“எதாவது பண்ணும்மா! பாடேன்!”

“விதியில இடம் இல்லையே சார்.”

“அட, பாடும்மா! சேர்த்துக்குறேன்!”

“இன்னைக்கு ஒரு நாளைக்கா?”

இயக்குநர் காதைப் பொத்திக்கொண்டார். “ஐம்பத்தேழு நாளைக்கும்!”

அடித்த கோட்டின் மேல் ‘அடித்தது செல்லாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவள் பாட ஆரம்பித்தாள். பாப்பா இரண்டு விக்கல் விக்கிவிட்டு அடங்கினாள். மீதி மூன்று முத்திரைகளையும் இயக்குநர் பூவை வைப்பது மாதிரி மெல்ல வைத்தார். விடுவிப்புத் தாளில் ‘பயணியைப் பெற்றுக்கொண்டவர்’ என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. ‘தகப்பன்’ என்று கட்டம் கையெழுத்திட்டார். எழுத்து கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக அதை அவர் திருத்தவில்லை. பாப்பாவை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

கணக்குப் பிரிவில் பதிந்த தாள் இது:

நிறுவனத்துக்கு வர வேண்டியது:
பாதுகாப்பு, 57 நாள்: 1140
பால், 456 வேளை: 2280
துணி மாற்றம், 570 தடவை: 570
தாலாட்டு, 57 நாள்: 114
ஆக: 4104

துறைக்கு வர வேண்டியது:
விசா இல்லாத பயணி: 3000
பதியாத வாகனம்: 500
கொடி: 150
பெற்றவர்களோடு இருக்கும் கட்டணம், வரியுடன்: 336
ஆக: 3986

பாக்கி: 118. தர வேண்டியவர்: அரசாங்கம். மனு வந்தால் தொண்ணூறு நாளில் தரப்படும்.